மாணவர் என்போர் யாவர்? – மாணவர் சதுரங்கப் போட்டிகளின் தகுதி விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படைகளின் பெயரால் இந்திய மண்ணில் தோன்றிய சதுரங்கம், பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அங்கு ராணி நெடுந்தூரம் செல்லும் ஆற்றலைப் பெற்றதோடு அவ்வாட்டம் ஏறத்தாழ இன்றைய வடிவத்தை எய்தியது. அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளாகக் காய்களின் நகர்வு பற்றிய விதிகள் பெரிதும் மாறவில்லை. ஆனால், ஒரு போட்டியிலே பலகையின் முன் அமரத் தகுதியுடையோர் யாவர் என்பதை வரையறுக்கும் விதிகளோ தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளன.

இவ்விருவகை விதிகளுக்குமிடையே அடிப்படை வேறுபாடொன்றுண்டு. குதிரை எவ்வாறு பாயவேண்டும் என்னும் விதி ஆட்டத்தின் உள்ளேயே பிறக்கின்றது. அது மன்னனுக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே. எவர் ஆடலாம் என்னும் விதியோ ஆட்டத்திற்கு வெளியே, சமுதாயத்திலே பிறப்பது. எனவே, தகுதி விதிகளின் வரலாற்றை ஆராய்வது ஒருவகையிற் சமுதாய வரலாற்றை ஆராய்வதேயாகும். மாணவர் சதுரங்கப் போட்டிகளைப் பொறுத்தவரை இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். ஏனெனில், அங்கே முதலில் விடை காணவேண்டிய வினா 'மாணவர் என்போர் யாவர்?' என்பதாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வினா எளிதாகத் தோன்றலாம். எனினும், ஒன்றரை நூற்றாண்டாக இதற்கு அளிக்கப்பட்ட விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அவ்விடைகள் எவரை உள்ளே அழைத்தன, எவரை வாயிலில் நிறுத்தின என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

பல்கலைக்கழக வாயிலே தகுதி வாயிலாக

பல்கலைக்கழக மாணவர்களிடையே ஒழுங்காக நடைபெற்றுவரும் சதுரங்கப் போட்டிகளுள் மிகப் பழையது ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கிடையிலானதாகும். இதன் முதற்போட்டி 1873ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டனில் நடைபெற்றது. படகோட்டம், கிரிக்கெட் ஆகியவற்றில் இவ்விரு பல்கலைக்கழகங்களும் முன்னரே மோதிவந்த மரபின் தொடர்ச்சியாகவே இது தோன்றியது.

அக்காலத்தில் இப்போட்டிக்கு விரிவான தகுதி விதிகள் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் உறுப்பினராயிருத்தல் ஒன்றே போதியதாயிற்று. இதனைப் பரந்த மனப்பான்மையின் அடையாளமாகக் கொள்ளுதல் தவறாகும். போட்டியின் வாயிலிற் காவல் இல்லாதிருந்தமைக்குக் காரணம், பல்கலைக்கழகத்தின் வாயிலிலேயே பலமான காவல் இருந்தமையாகும். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதோர் அங்குப் பட்டங்களையும் பதவிகளையும் பெறுவதற்கு இருந்த சமயத் தடைகள் 1871ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சோதனைகள் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டன. முதலாவது சதுரங்கப் போட்டி நடைபெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பது நோக்கற்பாலது. பெண்களுக்கான கேட்டன் கல்லூரி 1869இல் நிறுவப்பட்டபோதும், ஒக்ஸ்போட் 1920ஆம் ஆண்டுவரையும் கேம்பிரிட்ஜ் 1948ஆம் ஆண்டுவரையும் பெண்களுக்கு முழுமையான பட்டத்தை வழங்கவில்லை. விரிவுரையைக் கேட்கலாம், பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் பெறுதல் இயலாது என்ற நிலையில் ஒரு பெண் 'மாணவரா' அல்லரா? இவ்வினாவைச் சதுரங்கக் கழகங்கள் எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவை ஏற்படாதவாறு பல்கலைக்கழகமே அதற்கு விடையளித்திருந்தது.

ஒரு நூற்றாண்டின் பின் நிலைமை தலைகீழாக மாறியது. 1972இல் கேம்பிரிட்ஜிலும் 1974இல் ஒக்ஸ்போட்டிலும் ஆண்களுக்கென இருந்த கல்லூரிகள் சில முதன்முறையாகப் பெண்களை அனுமதித்தன. இதனைத் தொடர்ந்து 1978ஆம் ஆண்டு முதல், எண்மர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஒரு பெண்ணேனும் இடம்பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விலக்குவதற்கே பயன்பட்டுவந்த தகுதி விதி இங்குச் சேர்ப்பதற்குப் பயன்பட்டது. விதி என்பது கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக மட்டுமன்றி, திறந்து வைக்கும் முளையாகவும் அமையலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பொழுதுபோக்காளரும் தொழிலாளரும்

அமெரிக்காவிலே கொலம்பியா, ஹாவார்ட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய நான்கு கல்லூரிகளும் 1892ஆம் ஆண்டு தமக்குள் சதுரங்கச் சுற்றுப்போட்டியொன்றைத் தொடங்கின. 1899இல் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டணியும் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் கூட்டணியும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பி மூலம் மோதின. நேருக்கு நேர் காணாத இரு சாராரும் எதிரணியில் அமர்ந்திருப்பவர் உண்மையான மாணவரே என்பதை நம்பவேண்டியிருந்தது. இத்தகைய நிலையிலேயே தகுதியை எழுத்தில் வரையறுப்பதும், அதனைப் பொறுப்பு வாய்ந்த ஒருவர் உறுதிப்படுத்துவதும் இன்றியமையாதன ஆகின்றன. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துள் நம்பிக்கை செய்யும் பணியை, அறிமுகமற்றோர் கூடும் பெரிய அரங்கிலே விதி செய்யவேண்டியுள்ளது.

இக்காலப்பகுதியின் விளையாட்டுலகை ஆட்கொண்டிருந்த மற்றொரு கருத்து, பொழுதுபோக்காக ஆடுவோரையும் பிழைப்புக்காக ஆடுவோரையும் பிரித்து நோக்கியதாகும். 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்களையொட்டிப் பாரிஸ் நகரில் நடைபெற்ற சதுரங்கப் போட்டி பொழுதுபோக்காளருக்கெனவே ஒழுங்குசெய்யப்பட்டது. அங்குத்தான் அதே ஆண்டு ஜூலை மாதம் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் பிறந்தது. 1928இல் ஹேக் நகரில் நடைபெற்ற உலகப் பொழுதுபோக்காளர் போட்டியில் ஒல்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியரான மக்ஸ் ஊவே வெற்றியீட்டினார். ஏழு ஆண்டுகளின் பின் அவரே அலெக்கைனைத் தோற்கடித்து உலகச் சம்பியன் ஆனார். பொழுதுபோக்காளர், தொழில்முறையாளர் என்ற பிரிவு ஆற்றலைப் பற்றியதன்று, வருவாயைப் பற்றியதே என்பதை இது எடுத்துக்காட்டிற்று. 1930ஆம் ஆண்டு ஹம்பேர்க் ஒலிம்பியாட்டில் அலெக்கைன், ரூபின்ஸ்டைன் போன்ற பெருவீரர்கள் தத்தம் நாட்டு அணிகளில் ஆடியதோடு சதுரங்கத்தில் அப்பிரிவினை பெரிதும் வலுவிழந்தது. பரம்பரைச் செல்வம் உடையோர்க்கே 'தூய' விளையாட்டு உரியது என்ற மேல்வர்க்கக் கருத்து அப்பிரிவினையின் அடியில் இருந்தமையை ஈண்டு மறத்தலாகாது. சதுரங்கம் ஏனைய பல விளையாட்டுக்களுக்கு முன்னரே அதனைக் கைவிட்டமை அதன் சிறப்பாகும்.

உலக மாணவர் அணிப் போட்டிகள்

இரண்டாம் உலகப் போரின் பின்னரே மாணவர் சதுரங்கம் உலகளாவிய வடிவத்தைப் பெற்றது. 1952இல் லிவர்பூலிலும் 1953இல் பிரசெல்சிலும் முன்னோடிப் போட்டிகள் இடம்பெற்றன. 1954ஆம் ஆண்டு ஒஸ்லோ நகரில் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் அங்கீகாரத்துடன் முதலாவது உலக மாணவர் அணிப் போட்டி நடைபெற்றது. அதில் செக்கோஸ்லோவாக்கியா வெற்றியீட்டியது. அடுத்த ஆண்டு லியோனில் தொடங்கிய சோவியத் யூனியனின் ஆதிக்கம், சில இடைவெளிகள் தவிர, இப்போட்டித் தொடர் முடிவுற்ற 1977ஆம் ஆண்டுவரை நீடித்தது.

இப்போட்டியின் அமைப்பு எளிமையானது. ஓர் அணியில் நால்வர் ஆடுவர், இருவர் மாற்று வீரராக இருப்பர். ஆற்றலின் வரிசைப்படி முதலாம் பலகை, இரண்டாம் பலகை என வீரர்கள் நிரற்படுத்தப்படுவர். போட்டி தொடங்குமுன் கையளிக்கப்பட்ட இவ்வரிசையை இடையிலே மாற்றுதல் கூடாது. ஓர் அணித்தலைவர் தமது பலம் வாய்ந்த வீரரைக் கடைசிப் பலகையில் ஒளித்துவைத்து எளிதிற் புள்ளிபெற முயல்வதை இவ்வாறான விதி தடுக்கின்றது. இதுவும் ஒருவகைத் தகுதி விதியே. எந்தப் பலகையில் அமர எவர்க்குத் தகுதியுண்டு என்பதை இது வரையறுக்கின்றது.

பங்குபற்றுவோர்க்கு இரு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று மாணவராயிருத்தல். மற்றையது முப்பது வயதுக்குட்பட்டிருத்தல். இருபது வயதுக்குட்பட்டோர்க்கான உலக இளையோர் போட்டி 1951இல் பர்மிங்ஹாம் நகரில் தொடங்கப்பட்டிருந்த காலத்தில், மாணவர்க்கு முப்பது வயதுவரை இடமளிக்கப்பட்டமை கவனித்தற்குரியது. போரினாற் கல்வி தடைப்பட்ட ஒரு தலைமுறை அப்போதுதான் விரிவுரை மண்டபங்களை நிரப்பியிருந்தது. படைகளிலிருந்து விடுவிக்கப்பட்டோர் இருபதுகளின் நடுப்பகுதியில் முதலாம் ஆண்டு மாணவராய் அமர்ந்தனர். அத்தகையதொரு காலத்தில் மாணவர்க்குரிய வயது எல்லையைத் தாராளமாக வகுத்தமை இயல்பே எனக் கொள்ள இடமுண்டு.

இந்நிபந்தனைகளில் ஆட்டத்திறன் பற்றிய எல்லை எதுவும் இருக்கவில்லை. இதன் விளைவாக, மாணவர் போட்டி என்பது கற்றுக்குட்டிகளின் போட்டியாக அமையவில்லை. ரீகா நகரிலே பல்கலைக்கழக மாணவராயிருந்த மிகயில் தால் 1956இல் உப்சாலாவிலும், 1957இல் ரெய்க்கியாவிக்கிலும், 1958இல் வர்ணாவிலும் சோவியத் மாணவர் அணியில் ஆடினார். 1960இல் அவர் உலகச் சம்பியன் ஆனார். 1955ஆம் ஆண்டிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றுவிட்ட பொரிஸ் ஸ்பாஸ்கி அதன் பின்னரும் பல ஆண்டுகள் மாணவராக ஆடினார். அனத்தோலி கார்ப்போவ் 1971இல் மயாகுவெசிலும் 1972இல் கிராஸ் நகரிலும் ஆடி, 1975இல் உலகச் சம்பியன் பட்டத்தை எய்தினார். ஒரே அணியின் மாணவர் பட்டியலிலிருந்து மூன்று உலகச் சம்பியன்கள் தோன்றினர்.

இங்கே எழும் வினா நியாயமானதே. அரசின் பேராதரவுடன் நாள் முழுதும் சதுரங்கத்திலே பயிற்சி பெறும் கிராண்ட்மாஸ்டர் ஒருவரும், மருத்துவப் பரீட்சைக்குப் படித்தபடி ஓய்வுநேரத்தில் ஆடும் ஒருவரும் ஒரே பொருளில் 'மாணவர்' ஆவரா? பதிவேட்டின்படி இருவரும் மாணவரே. விதி பதிவேட்டைத்தான் பார்க்கமுடியும். ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் நூலகத்தில் இருந்தார் என்பதை எந்த விதியும் அளக்க இயலாது. தகுதி விதிகளின் ஆற்றலும் குறைபாடும் ஒருங்கே இதில் அடங்கியுள்ளன.

லெனின்கிராட், 1960

மேற்கூறிய வினாவிற்கு வரலாறு அளித்த விடையொன்று சுவையானது. 1960ஆம் ஆண்டு உலக மாணவர் போட்டி லெனின்கிராட் நகரில் நடைபெற்றது. சொந்த நாட்டில், ஸ்பாஸ்கியின் சொந்த நகரில், சோவியத் அணியே வெல்லும் என்பதில் எவரும் ஐயங்கொண்டிலர். எனினும் வெற்றி ஐக்கிய அமெரிக்க அணிக்கே கிட்டியது. இரு நாடுகளும் மோதிய சுற்றில் முதலாம் பலகையிலே கறுப்புக் காய்களுடன் ஆடிய வில்லியம் லொம்பார்டி, ஸ்பாஸ்கியை 29 நகர்வுகளில் தோற்கடித்தார். போட்டி முழுவதிலும் அவர் 13 ஆட்டங்களில் 12 புள்ளிகளைப் பெற்றார்.

லொம்பார்டி 1957ஆம் ஆண்டு உலக இளையோர் போட்டியில் ஆடிய பதினோர் ஆட்டங்களிலும் வென்றவர். பின்னாளில் அவர் கத்தோலிக்கக் குருவானார். அவருடன் ஆடியோருள் சாள்ஸ் கல்மே கணிதத் துறையிலும், எட்மார் மெட்னிஸ் இரசாயனப் பொறியியலிலும், அந்தனி செய்டி மருத்துவத்திலும் தம் வழியை அமைத்துக்கொண்டனர். கல்மேயும் மெட்னிசும் தால் பிறந்த அதே ரீகா நகரிற் பிறந்து, போரினால் நாடிழந்து அமெரிக்காவை அடைந்தோர் என்பது குறிப்பிடத்தக்கது. எல்லைகள் வேறுவிதமாக அமைந்திருப்பின் அவர்கள் எதிரணியில் அமர்ந்திருக்கவும் கூடும். எவர் எந்நாட்டின் சார்பில் ஆடத் தகுதியுடையவர் என்ற விதியின் பின்னால் ஒரு கண்டத்தின் இடப்பெயர்வு வரலாறே மறைந்திருந்தது.

அவ்வெற்றி அணியிலே ஒரு பெயர் இல்லை. அப்போது பதினேழு வயதினராய், அமெரிக்கச் சம்பியனாய் விளங்கிய பொபி பிஷரின் பெயரே அது. உலக மாணவர் அணிப் போட்டி எதிலும் அவர் ஆடியதில்லை. 1959ஆம் ஆண்டிலே தமது பதினாறாவது வயதில் அவர் பாடசாலையை விட்டு விலகியிருந்தார். மாணவர் என்ற சொல்லின் எப்பொருளிலும் அவர் மாணவர் அல்லர். ஆயினும் சதுரங்க நூல்களைப் படிப்பதற்காகவே ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்ட அவ்விளைஞரிலும் மேலான மாணவரை அக்காலச் சதுரங்க உலகிற் காண்பது அரிது. கல்வியும் கல்வி நிறுவனத்திற் பதிவும் ஒன்றல்ல. இருப்பினும், பதிவைக் கைவிட்டுக் கல்வியை அளவுகோலாகக் கொண்டு விதியமைக்க முற்படின் எந்தப் போட்டியையும் நடத்த முடியாது. விதி நியாயமானது. அதேவேளை அது முழுமையற்றது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே முறையாகும்.

தகுதி விதிகளை முற்றாக நிறைவுசெய்தும் ஆடமுடியாத நிலையும் உண்டு. 1970ஆம் ஆண்டுப் போட்டி இஸ்ரேலின் ஹைபா நகரில் இடம்பெற்றது. 1967ஆம் ஆண்டுப் போரையடுத்து இஸ்ரேலுடன் இராஜதந்திர உறவைத் துண்டித்திருந்த சோவியத் யூனியன் அதிற் பங்குபற்றவில்லை. அமெரிக்கா இரண்டாம் முறையாக வெற்றியீட்டியது. விதிப்புத்தகம் அனுமதித்த மாணவரை அரசுகளின் பகை தடுத்தது.

மாணவரிலிருந்து வயதுக்கு

1977ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற போட்டியுடன் உலக மாணவர் அணிப் போட்டிகள் முடிவுற்றன. 1978இல் அதே நகரில், இருபத்தாறு வயதுக்குட்பட்டோர்க்கான உலக இளையோர் அணிப் போட்டி அதன் இடத்தைப் பெற்றது. அதில் இங்கிலாந்து வெற்றியீட்டியது. பெயரில் ஏற்பட்ட இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் கருத்தளவிற் பெரியதாகும். 'நீ கற்பவனா?' என்ற வினா மறைந்து, 'உன் வயதென்ன?' என்ற வினா மட்டும் எஞ்சியது.

இம்மாற்றத்திற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியன பல. வயதை ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஐயத்திற்கிடமின்றிக் காட்டும். மாணவர் நிலையைக் காட்டும் பல்கலைக்கழகக் கடிதமோ நாட்டுக்கு நாடு வேறுபட்ட பொருளுடையது. ஒரு நாட்டிலே மூன்று ஆண்டுகளிற் பட்டம் முடியும். மற்றொரு நாட்டிலே ஆறு ஏழு ஆண்டுகள் பதிவில் இருத்தல் வழக்கம். பகுதிநேர மாணவர், பட்டப்பின் ஆய்வாளர், ஆசிரியப் பயிற்சி பெறுவோர் எனப் பல வகையினர் எல்லைக்கோட்டில் நிற்பர். வயது என்னும் அளவுகோல் இச்சிக்கல்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் அறுத்தெறிந்தது. அத்துடன், பல்கலைக்கழகக் கல்வி கிட்டாத தொழிலாள இளைஞனுக்கும் அது வாயிலைத் திறந்தது. இந்நன்மையை எவரும் மறுத்தல் இயலாது.

ஆனால் இழப்பும் இருந்தது. மாணவர் போட்டி என்பது வெறும் இளைஞர் போட்டியன்று. கற்றலும் ஆடலும் ஒருவரிடத்தே இணைதல் கூடும் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு அது. அடுத்த மாதம் பரீட்சையை எதிர்கொள்ளும் இருவர் வெவ்வேறு மொழியினராயிருந்தும் ஒரே பலகையில் சந்திக்கும் அனுபவத்தை வயது எல்லை மட்டும் தரவல்லதன்று. இவ்விழப்பு உணரப்பட்டமையாற் போலும், 1990களில் சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனத்தின் ஆதரவில் உலகப் பல்கலைக்கழகச் சதுரங்கப் போட்டிகள் நடைபெறலாயின. 2011இல் சீனாவின் ஷென்சென் நகரிலும் 2013இல் ரஷ்யாவின் கசான் நகரிலும் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாக்களிலும் சதுரங்கம் சேர்க்கப்பட்டது.

இச்சம்மேளனத்தின் விதிகள் பழைய இரு அளவுகோல்களையும் மீண்டும் ஒன்றிணைத்தன. போட்டியாளர் உயர்கல்வி நிறுவனமொன்றிற் பதிவுபெற்ற மாணவராயிருத்தல் வேண்டும், அல்லது போட்டிக்கு முந்திய ஆண்டிலே பட்டம் பெற்றவராயிருத்தல் வேண்டும். தாம் பிரதிநிதித்துவப்படுத்தும் நாட்டின் பிரஜையாயிருத்தலும் வேண்டும். வயதெல்லை நீண்ட காலம் 17 முதல் 28 வரை இருந்து, பின்னர் 18 முதல் 25 வரை எனச் சுருக்கப்பட்டது. பட்டம் பெற்றவர்க்கு வழங்கப்பட்ட ஓராண்டுச் சலுகை நுண்ணிய அறிவுடன் அமைக்கப்பட்டதாகும். பரீட்சை முடிந்த மறுநாளே ஒருவரின் மாணவர் தன்மை அற்றுப்போவதில்லை என்பதை அது ஏற்றுக்கொள்கின்றது.

அமெரிக்கக் கல்லூரிகள் இதற்கு மாறான வழியிற் சென்றன. அங்குக் கல்லூரியே பிரதிநிதித்துவத்தின் அலகு. வீரர் எந்நாட்டவர் என்பது வினாவன்று. 1990கள் முதல் சில பல்கலைக்கழகங்கள் சதுரங்கப் புலமைப்பரிசில்களை வழங்கி, வெளிநாட்டுக் கிராண்ட்மாஸ்டர்களைத் தம் மாணவராகச் சேர்த்துக்கொண்டன. வறிய நாடொன்றின் திறமையாளனுக்கு உயர்கல்வி கிட்டுவதற்கு இது வழியமைத்தது. அதேவேளை, போட்டிக்காகவே மாணவர் உருவாக்கப்படுகின்றனரோ என்ற ஐயத்தையும் அது எழுப்பிற்று. ஆண்டுதோறும் சேர்க்கப்படும் பாடங்களின் அளவு, பெறவேண்டிய குறைந்தபட்சப் புள்ளி ஆகியன பற்றிய நிபந்தனைகள் இவ்வையத்தைத் தீர்ப்பதற்கே பயன்படுகின்றன. பதிவேட்டிலே பெயர் இருத்தல் போதாது, படிப்பும் நடைபெறவேண்டும் என்பதே அவற்றின் உட்பொருள். லெனின்கிராட்டிலே எழுந்த பழைய வினாவிற்கு அளிக்கப்பட்ட காலந்தாழ்த்திய விடை இது எனலாம்.

இலங்கைச் சூழலில்

மேற்கூறிய வரலாறு இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்க்கு வெறும் செய்தியன்று. தகுதி விதிகள் எங்கோ ஒரு சூழலில், அங்குள்ள கல்விமுறையை மனத்திற்கொண்டு வகுக்கப்படுகின்றன. அவை வேறொரு சூழலிற் பிரயோகிக்கப்படும்போது எதிர்பாராத அநீதி விளைதல் கூடும்.

இந்நாட்டு மாணவர் பொதுவாகப் பத்தொன்பது வயதளவில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவர். ஒரே தடவையில் தேறினும், பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளி நிர்ணயிக்கப்பட்டு, அனுமதி கிடைத்து விரிவுரைகள் தொடங்கும்போது இருபத்தொரு வயது கடந்திருத்தல் வழமை. இரண்டாம், மூன்றாம் தடவையில் அனுமதி பெறுவோர்க்கு வயது மேலும் கூடும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டில் அவர் இருபத்தைந்து வயதை எட்டியோ தாண்டியோ இருப்பார். இங்கிலாந்தில் இருபத்தொரு வயதிற் பட்டம் பெறும் மாணவரை மனத்திற்கொண்டு நோக்குவோர்க்கு இருபத்தைந்து என்ற எல்லை தாராளமானதாய்த் தோன்றும். இலங்கையிலோ அது இறுதியாண்டு மாணவரின் கழுத்தில் விழும் கத்தியாகும்.

இயல்பான இத்தாமதத்தின் மேல் நாட்டின் துயரங்களும் சேர்ந்தன. 1980களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரின் கல்வியைக் குலைத்தது. பெருந்தொற்றின் விளைவாக 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022ஆம் ஆண்டிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023ஆம் ஆண்டிலுமே நடைபெற்றன. இவ்வாண்டுகளை மாணவர் தாமாக வீணடித்தாரல்லர். அவை அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை. உலகப் போரினாற் கல்வியை இழந்த தலைமுறையின் காலத்தில் முப்பது வயதுவரை இடமளித்த அன்றைய மாணவர் போட்டி விதி, இத்தகைய சூழலுக்கே பொருத்தமுடையது.

இரண்டாவது பிரச்சினை வெளிவாரி மாணவர் பற்றியது. 1921இல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்திற்கே மாணவரை ஆயத்தஞ்செய்தது. அவ்வகையில் நோக்கின், இந்நாட்டின் பல்கலைக்கழகக் கல்வியே வெளிவாரி மாணவரால் தொடங்கப்பட்டதெனலாம். 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதன் பின், தொழில் செய்தபடி கற்போரின் தொகை பெருகிற்று. பகலிலே பாடசாலையிற் கற்பித்து இரவிலே தாம் கற்கும் ஆசிரியர் ஒருவர் மாணவர் சதுரங்கப் போட்டிக்கு விண்ணப்பிப்பின் அவர்க்கு என்ன விடை கூறுவது? விடுதியில் வாழ்பவரே மாணவர் எனக் கூறின், ஒக்ஸ்போட்டின் பழைய வாயிற்காவலை இங்கே மீண்டும் நிறுவியவராவோம்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. மாணவர் என்ற சொல்லுக்கு இயற்கையான எல்லை கிடையாது. அதனை வரைபவர் மனிதரே. பல்கலைக்கழக உறுப்புரிமை, பொழுதுபோக்காளர் நிலை, வயது, பிரஜாவுரிமை, பாடப்புள்ளி என ஒவ்வொரு காலமும் ஒவ்வோர் அளவுகோலைக் கையாண்டது. ஒவ்வொன்றும் ஒரு தவறைத் திருத்த முனைந்து மற்றொரு தவறுக்கு இடமளித்தது. எனவே, குறையற்ற விதியைத் தேடுதல் வீண். எவருக்கு அநீதி இழைக்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதனைக் குறைக்கும் விதியைத் தேடுதலே அறிவுடைமையாகும்.

இந்நோக்கிற் பார்க்கும்போது, இலங்கைப் பல்கலைக்கழகங்களிடையே நடைபெறும் மாணவர் போட்டிகளுக்கு நான்கு நெறிகள் பொருத்தமாகும். முதலாவது, வயதை விடுத்து நடப்பாண்டுப் பதிவையே அடிப்படையாகக் கொள்ளல். இரண்டாவது, இறுதிப் பரீட்சை எழுதியோர்க்கு ஓராண்டுச் சலுகை அளித்தல். மூன்றாவது, உள்வாரி, வெளிவாரி என்ற பேதமின்றிப் பதிவாளரின் அத்தாட்சிக் கடிதம் பெற்ற அனைவரையும் ஏற்றல். நான்காவது, ஒவ்வோர் அணியிலும் மாணவியர்க்கு ஓரிடத்தையேனும் உறுதிசெய்தல். சர்வதேசப் போட்டிகளுக்குச் செல்வோர் அங்குள்ள வயதெல்லைக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். ஆயினும், அவ்வெல்லையை உள்ளூர்ப் போட்டிகளிலும் கண்மூடிப் பின்பற்றவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இவை அனைத்திற்கும் மேலாக, விதிகள் விண்ணப்பம் கோரப்படுமுன்னரே எழுதி வெளியிடப்படல் வேண்டும். அணிகள் கூடிய பின், இன்னாரை விலக்கவேண்டும் என்ற எண்ணத்துடன் இயற்றப்படும் விதி விதியாகாது. ஆட்டம் தொடங்கிய பின் குதிரையின் நகர்வை மாற்றுவதற்கு எவரும் உடன்படார். ஆடுவோரின் தகுதி விடயத்திலும் அதே நேர்மை கடைப்பிடிக்கப்படல் வேண்டும்.